ஒரே பெயர், வேறு வேறு கணக்கு

(இளைஞர்களும் வணிகர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

இன்று நான் பேச எடுத்துக் கொண்டிருப்பது ஒரு பெயர். நம் வீட்டிலும் தெருவிலும் கடைவீதியிலும் சர்வ சாதாரணமாகக் கேட்கின்ற பெயர். முஹம்மது அலி! இந்தக் கூட்டத்தில் முஹம்மது அலி என்ற பெயருடையவர்கள் கொஞ்சம் கையை உயர்த்துங்கள், பார்ப்போம். (ஒன்பது பேர் கை உயர்த்துகின்றனர், சிரிப்பு.) மாஷா அல்லாஹ்! ஒரு மண்டபத்திலேயே ஒன்பது பேர். உலகம் முழுவதும் எத்தனை பேர் இருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

எங்கள் ஊர்க் கடைத்தெருவில் மளிகை வியாபாரம் செய்யும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவருடைய கடையில் கடனுக்குச் சரக்கு எடுப்பவர்களில் மூன்று பேருக்கு முஹம்மது அலி என்று பெயர். பற்று நோட்டில் மூவரையும் எப்படிப் பிரித்து எழுதுகிறார் தெரியுமா? முதல் பக்கத்தில், 'சைக்கிள் கடை முஹம்மது அலி'. அடுத்த பக்கத்தில், 'சொன்ன தேதி முஹம்மது அலி'. மூன்றாவது பக்கத்தில், 'நாளைக்கு முஹம்மது அலி'! (சிரிப்பு.) கேட்டால் பெரியவர் சொல்கிறார்: "ஹஜ்ரத், ஒருத்தர் சொன்ன தேதியிலே பணத்தைக் கொண்டாந்து வச்சுடுவாரு. இன்னொருத்தர் எப்பக் கேட்டாலும் நாளைக்குன்னு சொல்லுவாரு. நான் வச்ச பேரா இது? அவங்களே சம்பாதிச்ச பேரு."

சகோதரர்களே! இன்று நான் பேச வந்த அனைத்தும் இந்தப் பெரியவரின் பற்று நோட்டில் அடங்கி விடுகிறது. பெயரைப் பெற்றோர் வைக்கிறார்கள். அந்தப் பெயருக்குப் பக்கத்தில் என்ன எழுத வேண்டும் என்பதை நாம்தான் தீர்மானிக்கிறோம்.

தம்பி கேட்ட கேள்வி

இதை ஏன் இப்போது பேசுகிறேன்? சில மாதங்களுக்கு முன் அஸர் தொழுகை முடிந்து உட்கார்ந்திருந்தபோது ஒரு தம்பி என்னிடம் வந்தார். அவர் பெயரும் முஹம்மது அலிதான். பட்டப்படிப்பு முடித்தவர். டெலிபோனில் வாடிக்கையாளர்களிடம் பேசிப் பொருள் விற்கும் ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது. அங்குள்ள மேலாளர், "பெயரைச் சொன்னதும் சிலர் போனை வைத்து விடுகிறார்கள். நீங்கள் அருண் என்று சொல்லிக் கொள்ளுங்கள்" என்று கூறியிருக்கிறார். தம்பி கேட்டார்: "ஹஜ்ரத், வேலை நேரத்துல மட்டும்தானே? இதுல என்ன தப்பு? வீட்டுல அத்தாவுக்கு மருந்து வாங்கவே மாசம் பாதி சம்பளம் போயிடும்."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உடனே பதில் வரவில்லை. கிதாபைப் புரட்டிச் சட்டம் சொல்வது எளிது. நோயாளித் தகப்பனை வைத்துக் கொண்டிருக்கும் பிள்ளைக்குச் சொல்வது எளிதன்று. "தம்பி, நாளை மஃரிபுக்குப் பிறகு வாருங்கள். உங்கள் பெயருடைய சிலரைப் பற்றிப் பேசுவோம்" என்றேன். மறுநாள் அவரிடம் கூறியதையே இன்று உங்களிடமும் கூறுகிறேன்.

திருச்சியில் ஒரு முஹம்மது அலி

முதலாமவர் நம் மண்ணை ஆண்டவர். ஆற்காடு நவாப் முஹம்மது அலி கான் வாலாஜா. 1717-இல் பிறந்தவர். தந்தை அன்வருத்தீன் கான் 1749-இல் ஆம்பூர்ப் போரில் வீழ்ந்தார். மகன் திருச்சிக் கோட்டைக்குள் முற்றுகையிடப்பட்டார். 1751-இல் ராபர்ட் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்ததே அந்த முற்றுகையை உடைக்கத்தான். பதவி மிஞ்சியது. ஆனால் அதற்குரிய விலை பிறகு வந்தது.

இந்த நவாப் கல்விக்கும் மார்க்கத்திற்கும் வாரி வழங்கியவர். லக்னோவின் ஃபிரங்கி மஹல் குடும்பத்து மாமேதை பஹ்ருல் உலூம் அப்துல் அலி அவர்களைச் சென்னைக்கு வரவழைத்துப் போற்றியவர். அந்த மகான் 1810-இல் மறைந்து, திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளியிலேயே அடங்கியிருக்கிறார்கள். வாலாஜாபேட்டை, வாலாஜா சாலை என்று நவாபின் பட்டப் பெயர் இன்றும் நம் நாவில் இருக்கிறது.

ஆனால் வணிகப் பெருமக்களே, கணக்கின் மறுபக்கத்தையும் பாருங்கள். போர்ச் செலவுக்குக் கடன். மாளிகைச் செலவுக்குக் கடன். கடனை அடைக்க மேலும் கடன்! கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கடன்; அது போதாதென்று கம்பெனியின் ஊழியர்களிடமும் தனித்தனியாக வட்டிக்குக் கடன். நிலவரி வருவாயே ஈடாகப் போயிற்று. வரியைக் கடைசியில் கொடுத்தவன் யார்? வயலில் நின்ற உழவன். 1785-இல் லண்டன் பாராளுமன்றத்தில் எட்மண்ட் பர்க், 'ஆற்காடு நவாபின் கடன்கள்' என்ற பொருளிலேயே நீண்டதொரு உரை நிகழ்த்தும் அளவுக்கு அந்தக் கடன் உலகறிந்ததாயிற்று. நவாப் 1795-இல் காலமானார். ஆறே ஆண்டுகளில், 1801-இல், கர்நாடகத்தின் ஆட்சி முழுவதும் கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. நவாப் என்ற பட்டம் மட்டும் மிஞ்சியது.

பீரங்கியால் மட்டும் பறிபோன நாடல்ல இது, பற்றுச் சீட்டாலும் பறிபோன நாடு. கடன் வைத்து இறந்தவரின் ஜனாஸாவுக்குத் தொழுவிக்கப் பெருமானார் (ஸல்) அவர்கள் முன்வரவில்லை. தோழர் ஒருவர் கடனுக்குப் பொறுப்பேற்ற பிறகே தொழுவித்தார்கள் என்பதை நாம் மிம்பரில் ஓதுகிறோம். கடைக்குள் போனதும் மறந்து விடலாமா?

எகிப்தில் ஒரு முஹம்மது அலி

நம் நவாப் முதுமையை எட்டிக் கொண்டிருந்த காலத்தில், 1769-இல், இன்று கிரேக்க நாட்டில் உள்ள கவாலா என்ற துறைமுகத்தில் இன்னொரு முஹம்மது அலி பிறந்தார். புகையிலை வியாபாரம் செய்தவர். நெப்போலியனின் படை நுழைந்த எகிப்தை மீட்க உஸ்மானிய சுல்தான் அனுப்பிய படையில் ஒருவராக 1801-இல் அங்கே போய் இறங்கினார். நான்கே ஆண்டுகளில், 1805-இல், கெய்ரோவின் உலமாக்களும் பொதுமக்களும் "இவரே எங்கள் ஆளுநர்" என்று அவரை முன்னிறுத்தினார்கள். அவர்தாம் முஹம்மது அலி பாஷா.

வாலிபர்களே, கேளுங்கள்! இவர் எழுதப் படிக்கக் கற்றுக் கொண்டதே நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான். ஆனால் கல்வியின் அருமையை அவரைப் போல் உணர்ந்தவர்கள் குறைவு. கெய்ரோவுக்கு அருகே பூலாக்கில் அச்சகம் நிறுவினார். 1826-இல் 40-க்கும் மேற்பட்ட மாணவர்களைப் பாரிசுக்குப் படிக்க அனுப்பினார். அவர்களுக்குத் தொழ வைக்கும் இமாமாகப் போன அஸ்ஹர் ஆலிம் ரிஃபாஆ தஹ்தாவி, பிரெஞ்சு மொழி கற்றுத் திரும்பி வந்து, நவீன அரபு மொழிபெயர்ப்புக்கு வழிகாட்டியானார். 1827-இல் மருத்துவப் பள்ளி. 1832-இல் பெண்களுக்கான மருத்துவச்சிப் பள்ளி. நீண்ட இழைப் பருத்தி எகிப்தின் பெரும் செல்வமாக வளர்ந்ததும் அவர் காலத்தில்தான்.

வரவைச் சொன்னேன். பற்றையும் சொல்ல வேண்டாமா? தன்னைப் பதவியில் அமர்த்தியவர்களில் முதன்மையான உமர் மக்ரம் அவர்களையே 1809-இல் நாடு கடத்தினார். 1811-இல் மம்லூக் தலைவர்களைக் கோட்டைக்கு விழாவுக்கு அழைத்து, திரும்பும் வழியில் கொன்று குவித்தார். உழவனின் விளைச்சலைத் தானே விலை வைத்து வாங்கி, தானே லாபத்துக்கு விற்றார். மஹ்மூதிய்யா கால்வாயைத் தோண்டக் கிராமத்து மக்களைக் கட்டாயமாக இழுத்து வந்ததில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

1849-இல் அவர் மறைந்தார். இன்று கெய்ரோவுக்குப் போகிறவர்கள் கோட்டை மீது அவர் கட்டிய பள்ளிவாசலைப் பார்த்து வியக்கிறார்கள். அச்சகத்திற்காக அவரை வாழ்த்துவோம். ஆனால் நம் ஊரில் பள்ளிவாசல் கட்டிக் கொடுத்து விட்டுக் கூலியாளின் சம்பளத்தைக் குறைக்கிறவர் இருந்தால், அந்தக் கால்வாயையும் அவருக்கு நினைவூட்டுவோம்.

வால்டேர் ரயில் நிலையத்தில் ஒரு முஹம்மது அலி

மூன்றாமவர் நம் நெஞ்சில் வாழ்கின்றவர். மவ்லானா முஹம்மது அலி அவர்கள். 1878-இல் ராம்பூரில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்த பிள்ளைகளை, 'பீ அம்மா' என்று நாடு போற்றிய தாயார் ஆபாதி பானு பேகம் வளர்த்து ஆளாக்கினார்கள். அலிகரிலும் பின்னர் ஆக்ஸ்போர்டிலும் படித்தார். ஐ.சி.எஸ். தேர்வில் தோற்றார். தேர்வில் தோற்றதும் வாழ்வே முடிந்தது என்று அழுகின்ற பிள்ளைகளே, அந்தத் தோல்வி இல்லாதிருந்தால் அவர் வெள்ளையரின் கலெக்டராகியிருப்பார். இந்தச் சமுதாயத்திற்கு ஒரு மவ்லானா கிடைத்திருக்க மாட்டார்.

1911-இல் கல்கத்தாவில் 'காம்ரேட்' ஆங்கில வார இதழைத் தொடங்கினார். 1913-இல் டில்லியில் 'ஹம்தர்த்' உருது நாளிதழ். அரசு 1914-இல் காம்ரேடின் ஜாமீன் தொகையைப் பறிமுதல் செய்தது. 1915 முதல் 1919 வரை காவலில் வைத்தது. வெளியே வந்தவர் கிலாஃபத் இயக்கத்தில் குதித்தார். 1920-இல் ஜாமியா மில்லியா இஸ்லாமியாவைத் தோற்றுவித்தவர்களில் ஒருவராகி, அதன் முதல் துணைவேந்தருமானார்.

இங்கே ஒரு செய்தியைக் கவனியுங்கள். 1920 டிசம்பரில் நாகபுரி காங்கிரஸ். ஒத்துழையாமைத் தீர்மானம் வருகிறது. ஆதரித்து நிற்கிறார் ஒரு முஹம்மது அலி. எதிர்த்து எழுகிறார் இன்னொருவர். அவர் பெயரும் முஹம்மது அலி. முஹம்மது அலி ஜின்னா! பெயர் ஒன்று. பாதை இரண்டு. "பெயரைக் கேட்டேன், ஆளைப் புரிந்து கொண்டேன்" என்று சொல்கிறவர்களுக்கு இந்த ஒரு காட்சி போதும்.

1921 செப்டம்பரில் மவ்லானா அவர்கள் காந்தியடிகளோடு ரயிலில் சென்னைக்கு வந்து கொண்டிருந்தார்கள். வழியில் வால்டேர் நிலையத்தில் கைது செய்யப்பட்டார்கள். காந்தியடிகள் தனியே நம் மாநிலத்திற்கு வந்தார். அடுத்த சில நாட்களில், செப்டம்பர் 22-இல், மதுரையில் அவர் மேலாடை துறந்து முழங்காலளவு வேட்டிக்கு மாறினார். ஏழைகளின் துணிப் பஞ்சம் அதற்குக் காரணம். மவ்லானாவின் கைதின்போதே அந்த எண்ணம் தமக்கு வந்ததாகக் காந்தியடிகளே பின்னர் குறிப்பிட்டிருக்கிறார். மதுரையில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். வால்டேரில் நடந்தது எத்தனை பேருக்குத் தெரியும்? கராச்சி வழக்கில் மவ்லானாவுக்கு இரண்டாண்டுக் கடுங்காவல். விடுதலையானதும் 1923-இல் காக்கிநாடா காங்கிரசுக்குத் தலைமை வகித்தார்கள்.

1930-இல் நோயுற்ற உடலோடு லண்டன் வட்டமேஜை மாநாட்டுக்குப் போனார்கள். அடிமை நாட்டுக்குத் திரும்ப மாட்டேன் என்ற கருத்தை அங்கே முழங்கினார்கள். அவ்வாறே ஆயிற்று. 1931 ஜனவரி 4-ஆம் நாள் லண்டனில் காலமானார்கள். பைத்துல் முகத்தஸ் வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார்கள். அவர் சேர்த்து வைத்துப் போன சொத்து என்ன? இரண்டு பத்திரிகைகளின் பழைய தாள்களும், இன்றும் பிள்ளைகள் படித்து வெளிவருகின்ற ஒரு பல்கலைக்கழகமும்!

பெயரைக் கேட்டு வாங்கிய முஹம்மது அலி

நான்காமவரை வாலிபர்கள் அனைவரும் அறிவீர்கள். மற்ற மூவருக்கும் இந்தப் பெயர் தொட்டிலில் கிடைத்தது. இவருக்கு இருபத்திரண்டாம் வயதில் கிடைத்தது. 1942-இல் அமெரிக்காவின் லூயிவில் நகரில் காஷியஸ் கிளே என்ற பெயரோடு பிறந்த கறுப்பினப் பிள்ளை. 1960 ரோம் ஒலிம்பிக்கில் குத்துச்சண்டைத் தங்கம். 1964 பிப்ரவரியில் சன்னி லிஸ்டனை வென்று உலகச் சாம்பியன். மறு மாதமே, "இனி என் பெயர் முஹம்மது அலி. பழையது அடிமைப் பெயர்" என்று அறிவித்தார்.

அப்போது அவர் சேர்ந்திருந்த இயக்கத்தின் கொள்கைகள் பல நம் மார்க்கத்திற்கு உடன்பாடானவையல்ல என்பதை உலமாக்கள் அறிவார்கள். 1975-க்குப் பின் அவர் சுன்னத் வல் ஜமாஅத்தின் பாதைக்கு வந்தார். அல்ஹம்துலில்லாஹ்.

உலகச் சாம்பியனின் பெயரையே பத்திரிகைகள் ஏற்க மறுத்தன. ஆண்டுக் கணக்கில் பழைய பெயரையே எழுதின. 1967-இல் எர்னி டெரல் என்பவர் வேண்டுமென்றே பழைய பெயரைச் சொல்லி அழைத்தார். கோதாவில் ஒவ்வொரு குத்துக்கும் இடையே, தன் பெயர் என்னவென்று அவரிடமே கேட்டுக் கேட்டு அடித்தார் அலி. அந்த வெறி நமக்குப் பாடமன்று. அதே ஆண்டில் நடந்த மற்றொன்றே பாடம். வியட்நாம் போருக்கு அழைத்தார்கள். ஹூஸ்டன் நகரில் புதுப்பெயரைக் கூட அல்ல, பழைய பெயரைச் சொல்லியே முன்னே வரச் சொன்னார்கள். அவர் அடியெடுத்து வைக்கவில்லை. பட்டம் பறிபோயிற்று. ஐந்தாண்டுச் சிறை, 10,000 டாலர் அபராதம் என்று தீர்ப்பு. மேல்முறையீட்டால் சிறை செல்லவில்லை. ஆனால் வாலிபத்தின் உச்சத்தில் மூன்றரை ஆண்டுகள் கோதா ஏற முடியவில்லை. 1971-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. 1974-இல் கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மனை வீழ்த்திப் பட்டத்தை மீட்டார். 1980-இல் நம் சென்னைக்கே வந்து நேரு விளையாட்டரங்கில் காட்சிப் போட்டியில் கலந்து கொண்டார்.

இவரைப் பற்றிய ஒரு செய்தி போதும். ஹாலிவுட்டில் புகழ் பெற்றவர்களின் பெயரை நட்சத்திரம் போல் நடைபாதையில் பதிப்பார்கள். 2002-இல் அந்தப் பெருமை இவருக்கு வந்தது. "பெருமானாரின் பெயர் அதில் இருக்கிறது. அதன் மீது கால் படக் கூடாது" என்றார். அதனால் அவருடைய நட்சத்திரத்தை மட்டும் சுவரில் பதித்தார்கள். அத்தனை நட்சத்திரங்களில் சுவரில் இருப்பது அது ஒன்றுதான். 2016-இல் அவர் மறைந்தார். பெயர் இன்னும் தரையில் படவில்லை!

நாம் செய்ய வேண்டியவை

சகோதரர்களே! புகழப்பட்டவர், உயர்ந்தவர் என்று பொருள் தரும் இரு சொற்கள் சேர்ந்த பெயர் இது. நான்கு பேருக்கும் ஒரே பெயர். ஒருவர் கடனில் நாட்டை இழந்தார். ஒருவர் அறிவையும் வளர்த்தார், அநீதியும் செய்தார். ஒருவர் நாட்டுக்காகத் தன்னையே கொடுத்தார். ஒருவர் போருக்குப் போக மறுத்துப் பட்டத்தைக் கொடுத்தார். பெயர் யாரையும் தானாக உயர்த்தி விடவில்லை. தாழ்த்தவும் இல்லை. ஒரு முஹம்மது அலி தவறு செய்தால் எல்லா முஹம்மது அலிகளையும் சந்தேகிப்பது அநீதி. ஒரு முஹம்மது அலி சாதித்தால் எல்லோரும் மார்தட்டிக் கொள்வது சோம்பேறித்தனம்.

ஆகவே மூன்று காரியங்களைக் கேட்டுக் கொள்கிறேன்.

முதலாவது, பிள்ளைகளின் பெயரைப் பள்ளிச் சான்றிதழில் ஒரு விதமாகவும், ஆதாரில் ஒரு விதமாகவும், பாஸ்போர்ட்டில் வேறு விதமாகவும் எழுதாதீர்கள். முகமது, முஹம்மது, மொஹமத் என்று ஒரே பிள்ளைக்கு மூன்று எழுத்துக் கோர்வை. வேலைக்கும் வெளிநாட்டுக்கும் போகும்போது அந்தப் பிள்ளை அலைகிறது. ஒவ்வொரு ஜமாஅத்திலும் நான்கு படித்த வாலிபர்கள் உட்கார்ந்து இதைச் சரி செய்து கொடுங்கள்.

இரண்டாவது, பட்டப் பெயர் சொல்லி இழிவாக அழைப்பதைத் திருமறையின் ஹுஜுராத் அத்தியாயம் தடுக்கிறது. 'நொண்டி' என்றும் 'கறுப்பன்' என்றும் நம் பையன்களை நாமே அழைத்து விட்டு, அடுத்தவர் நம் பெயரை மதிக்கவில்லை என்று குறைப்படலாமா?

மூன்றாவது, வணிகப் பெருமக்களுக்கு. கடைப் பலகையில் முஹம்மது என்று எழுதுகிறீர்கள். அந்தப் பலகைக்குக் கீழே தராசு சரியாக நிற்கட்டும். சொன்ன தேதியில் பணம் போய்ச் சேரட்டும். நம் பிள்ளைகள் பெயரை மறைக்காமல் வேலை பார்க்க, உங்கள் கடைகளிலும் நிறுவனங்களிலும் இடம் கொடுங்கள். கொடுத்தால் நியாயமான சம்பளமும் கொடுங்கள். "நம்ம பையன்தானே" என்று குறைத்துக் கொடுத்தால் அவன் எங்கே போவான்? பெயரை மாற்றச் சொல்லும் இடத்துக்குத்தான் போவான்!

அந்தத் தம்பி என்ன செய்தார் என்று கேட்பீர்கள். எல்லாவற்றையும் கேட்டு விட்டு நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். "தம்பி, வீட்டுக் கஷ்டம் உங்களுடையது. முடிவும் உங்களுடையது. நான் கட்டாயப்படுத்த மாட்டேன்" என்றேன். மறுநாள் மேலாளரிடம் போய், "என் பெயரிலேயே பேசுகிறேன். ஒரு மாதம் பாருங்கள்" என்று கேட்டிருக்கிறார். அவர்கள் ஒப்புக் கொள்ளவில்லை. வேலை போயிற்று. இரண்டு மாதம் வீட்டில் சிரமம். இதை மறைத்து விட்டு உங்களிடம் இனிப்பாக முடிக்க நான் விரும்பவில்லை. பிறகு ஒரு மருந்து மொத்த வியாபாரியிடம் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. அந்த வியாபாரி நம் சமுதாயத்தவர் அல்லர். பெயரைக் கேட்டார், கையெழுத்தைப் பார்த்தார், நாளை வா என்றார். சம்பளம் முன்னதை விடக் குறைவு. அத்தாவுக்கான மருந்தைக் கொள்முதல் விலைக்கே கொடுக்கிறாராம்.

போன வாரம் அந்தத் தம்பியைப் பார்த்தேன். "கடைல இன்னொரு முஹம்மது அலியும் இருக்காரு ஹஜ்ரத். லோடு இறக்குறவரு. அடையாளத்துக்கு என்னை முதலாளி 'கணக்கு அலி'ன்னு கூப்பிடுறாரு" என்றார். எனக்கு மளிகைக் கடைப் பெரியவரின் நோட்டு நினைவுக்கு வந்தது.

நம் ஒவ்வொருவர் பெயருக்குப் பக்கத்திலும் ஏதோ ஒன்று எழுதப்பட்டுக் கொண்டுதான் இருக்கிறது. அது நாளை மறுமையில் வாசிக்கப்படும்போது தலைகுனியாத நிலையை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.